எல்ஃப், ஃபே நாவல்களை வாசிப்பதும் மதிப்பிடுவதும்: முழுமையான வழிகாட்டி

எல்ஃப், ஃபே நாவல் ஒன்றை முடித்தவரிடம் "எப்படி?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "நல்லா இருக்கு." மற்றது, "பேர் ஒண்டும் மனசில நிக்கல்ல." இரண்டையும் கேட்ட பிறகும் அந்தப் புத்தகத்தை வாசிக்கலாமா வேண்டாமா என்று நமக்குத் தெரியாது.

இந்த வகை நாவலை எடைபோட ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் அந்தக் கதையுலகத்தின் விதிகளைப் பிடிக்க வேண்டும். அப்புறம் அந்த விதிகளுக்குரிய விலையை, அதாவது விதியோடு மோதியவர் இழக்க வேண்டியதை, கதை கொடுத்ததா என்று பார்க்க வேண்டும். காதல், சண்டை, அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான். மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் வாசகர் வட்டங்களுக்குப் புதிதாக வருபவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துத்தான் கீழே உள்ள படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் முந்திய படியில் எழுதி வைத்தது தேவைப்படும்.

எல்ஃப் என்று இங்கே சொல்வது வட ஐரோப்பியக் கதைகளிலிருந்து வந்த, நீண்ட ஆயுள் கொண்ட, மனிதரைப் போன்ற ஒரு குலத்தை. ஃபே என்பது அயர்லாந்து, ஸ்கொட்லாந்துக் குன்றுகளுக்கு அடியில் தனி இராச்சியமாக வாழ்வதாகச் சொல்லப்படும் கூட்டம். சிறகு வைத்த குட்டித் தேவதைப் படங்களை மனதிலிருந்து எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கொப்பி, ஒரு பென்சில். போனில் குறிப்பெடுப்பவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். விரித்து வைத்த கொப்பி அப்படி விடாது. இடது பக்கத்தைப் பெயர்களுக்கு ஒதுக்குங்கள். வலது பக்கத்தைக் கோடு போட்டு நான்காகப் பிரித்து விதி, இடம், சொன்னவர், விலை என்று தலைப்பிடுங்கள். விலைப் பகுதியை இப்போதைக்கு வெறுமையாக விடுங்கள். போனில் வாசிக்கிறவர்கள் பக்க எண்ணுக்குப் பதிலாக அத்தியாய எண்ணைக் குறிக்க வேண்டும். எழுத்தின் அளவை மாற்றினால் பக்க எண் மாறிவிடும்.

இவ்வகையில் நல்லவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. நாளேடு வாசிக்கும் அளவு ஆங்கிலம் போதும். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதி பார்க்காதீர்கள். இந்த நாவல்களில் வரும் பல சொற்கள் ஆசிரியரே உண்டாக்கியவை, எந்த அகராதியிலும் இருக்காது. இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்ப வரும் சொல்லை மட்டும் தேடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு வேலை கூடுதலாக உண்டு. அட்டையில் பூவும் கிரீடமும் இருப்பதால் சிறுவர் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபே அரசவைக் காதல் தொடர்களில் பல முழுக்க முழுக்க வளர்ந்தவர்களுக்கானவை. படுக்கையறைக் காட்சிகளும் கடும் வன்முறையும் உண்டு. முதல் புத்தகத்தில் அடக்கமாக இருந்துவிட்டு இரண்டாவதில் மாறும் தொடர்களும் இருக்கின்றன. ஆகவே தொடர் முழுவதையும் பற்றி விசாரித்துவிட்டே கொடுங்கள்.

2. எந்த வகை என்று முதலில் தீர்மானியுங்கள்

பெரிதாகப் பார்த்தால் மூன்று வகை.

முதலாவது, ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்ட 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' காட்டிய வழி. இங்கே எல்ஃப்கள் பழைமையானவர்கள். மொழி, பாட்டு, நினைவு மூன்றும் அவர்களுடைய சொத்து. முதுமையில் சாக மாட்டார்கள், ஆனால் வெட்டுப்பட்டால் சாவார்கள், துயரத்தாலும் சாவார்கள். உலகத்தை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இந்த வகையில் தேட வேண்டியது இழப்பு.

இரண்டாவது, நாட்டார் கதை வழி. குன்றுக்கு அடியில் உள்ளவர்களோடு ஒப்பந்தம் செய்வது, அவர்கள் உணவைத் தின்பது, அவர்கள் தந்த பரிசால் மாட்டிக்கொள்வது. இங்கே சொல்லின் கூர்மையைத் தேட வேண்டும்.

மூன்றாவது, அரசவைக் கதை. ஃபே அரசவைக்குள் ஒரு மனிதப் பெண், அதிகாரப் போட்டி, காதல். இன்று இளையவர்கள் கையில் அதிகம் இருப்பது இதுதான். அதிகாரம் யார் கையிலிருந்து யார் கைக்கு, எப்போது மாறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் படியைத் தாண்டி ஓடுபவர்கள் ஒரு வகையை இன்னொரு வகையின் அளவுகோலால் அளந்துவிடுகிறார்கள். டோல்கீன் வழி நாவலில் காதல் குறைவு என்பார்கள், அரசவைக் கதையில் மலை நதிகளின் வரலாறு இல்லை என்பார்கள். கலப்பாக இருந்தால் எது மேலோங்கி நிற்கிறது என்று கொப்பியின் முதல் வரியில் எழுதிவிட்டுப் போங்கள்.

3. நாவலுக்கு முன் இரண்டு பாடல்

எடுத்தவுடன் ஏழு புத்தகத் தொடரைத் தூக்குவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. மூன்றாவது புத்தகத்தில் களைத்துப்போய், இந்த வகையே பிடிக்கவில்லை என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். ஒரு மாலைப்பொழுதில் வாசிக்கக்கூடிய இரண்டு சிறிய படைப்புகளோடு தொடங்குங்கள். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

முதலாவது 'டாம் லின்' என்ற ஸ்கொட்லாந்துக் கதைப்பாடல். பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்த பாடல்களில் 39ஆவது. மொழி பழைய ஸ்கொட்லாந்துப் பேச்சு என்பதால் உரைநடைச் சுருக்கம் ஒன்றை முதலில் வாசித்துவிட்டுப் போனாலும் குற்றமில்லை. ஜெனட் என்ற பெண் கார்ட்டர்ஹோ காட்டில் ரோசாப்பூப் பறிக்க, டாம் லின் அவள் முன் வந்து நிற்கிறான். அவன் மனிதன், ஃபே அரசி பிடித்து வைத்திருக்கிறாள். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஃபேக்கள் நரகத்துக்கு ஒரு வரி கட்ட வேண்டும். இந்த முறை அந்த வரியாகத் தன்னையே கொடுத்துவிடுவார்கள் என்று அவன் பயப்படுகிறான்.

அவனை மீட்க ஒரே வழிதான். ஹலோவீன் இரவில் ஃபேக்களின் ஊர்வலம் வரும். கறுப்புக் குதிரையையும் பழுப்புக் குதிரையையும் போகவிட வேண்டும். வெள்ளைக் குதிரையில் வருபவனை இழுத்து விழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் பிடிக்குள் அவன் பாம்பாவான், கரடியாவான், சிங்கமாவான், பழுக்கக் காய்ச்சிய இரும்பாவான், எரியும் தணலாவான். தணலானதும் கிணற்று நீருக்குள் எறிய வேண்டும். அதுவரை கை விடக் கூடாது.

இதைக் கொப்பியில் பயிற்சியாகச் செய்யுங்கள். விதிகளை ஒவ்வொன்றாக எழுதினால் மூன்று விடயம் தெரியும். எல்லா விதியும் முன்கூட்டியே சொல்லப்பட்டுவிட்டது. எல்லா விதியும் பிறகு சோதிக்கப்படுகிறது. விலை ஜெனட்டின் கைகளில்தான் விழுகிறது. தோற்ற அரசி கடைசியில், இப்படி நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் டாம் லின்னின் கண்களைப் பிடுங்கி மரக்கண் வைத்திருப்பேன் என்கிறாள். அவள் திருந்தவில்லை, அழவில்லை. அந்தக் குளிர்ச்சியை நினைவில் வையுங்கள், எட்டாவது படியில் தேவைப்படும்.

இரண்டாவது, கிறிஸ்டினா ரொசெற்றி 1862இல் வெளியிட்ட 'கொப்ளின் மார்க்கெட்'. கொப்ளின் எனப்படும் குட்டிப் பூத வியாபாரிகள் பழம் விற்கிறார்கள். லோரா காசில்லாததால் தன் பொன்னிறக் கூந்தலில் ஒரு கற்றையைக் கொடுத்து வாங்கித் தின்று, நாளுக்கு நாள் உருகிப்போகிறாள். அவளுடைய சகோதரி லிஸி ஒரு வெள்ளிக் காசோடு போகிறாள். அவர்கள் பழத்தை அவள் முகத்தில் பிசைந்து பூசியும் வாய் திறக்காமல் நின்று திரும்புகிறாள். வேற்றுலக உணவு என்ற விதி ஒரு கதையை எப்படி முழுதாகத் தாங்கும் என்று இதில் பார்க்கலாம்.

4. முதல் வாசிப்பில் விதியை மட்டும் பிடியுங்கள்

இப்போது நாவலைத் திறக்கலாம். முதல் முறை வாசிக்கும்போது நல்லது கெட்டது சொல்லக் கூடாது. வலது பக்கத்தில் விதிகளை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். அடிக்கடி வருபவை இவை: அவர்கள் உணவைத் தின்றால் என்ன ஆகும், உண்மைப் பெயரைச் சொன்னால் என்ன ஆகும், நன்றி சொல்வது கடனாகுமா, இரும்பு சுடுமா, அங்கே ஒரு நாள் இங்கே எத்தனை ஆண்டு, பொய் சொல்ல முடியுமா, அழைக்காமல் வாசல் தாண்டலாமா, கண்கட்டு வித்தையை யார் விலக்கலாம். எல்லா நாவலிலும் எல்லாம் இருக்காது. நான்கு ஐந்து இருந்தாலே ஒரு நாவலுக்குப் போதும்.

சொன்னவர் யார் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். புதியவர்கள் விடும் பகுதி இதுதான், பிறகு அதிகம் தேவைப்படுவதும் இதுதான். ஃபே ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்ன விதியும், கிழவி ஒருத்தி சொன்ன விதியும், கதைசொல்லி நேரடியாகச் சொன்ன விதியும் ஒரே எடை உள்ளவை இல்லை. பல நாவல்களில் ஃபே பொய் சொல்ல முடியாது. ஆனால் உண்மையை வைத்தே ஏமாற்றும்.

சுசானா கிளார்க் 2004இல் வெளியிட்ட 'ஜொனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நொரெல்' நாவலின் தொடக்கப் பகுதியில் இதற்கு அருமையான இடம் ஒன்று இருக்கிறது. இறந்த இளம்பெண்ணை உயிர்ப்பிக்க ஒரு ஃபேயிடம் மந்திரவாதி உதவி கேட்கிறார். அது கேட்கும் கூலி அவளுடைய வாழ்நாளில் பாதி. மந்திரவாதி ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, பாதி போனாலும் மிச்சம் இருக்கிறதே என்று சம்மதிக்கிறார். ஃபே எடுத்துக்கொள்வது அவளுடைய இரவுகளை. ஒவ்வொரு இரவும் அவள் அதனுடைய மாளிகையில் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இப்படி ஓர் இடம் வந்தால், ஒப்பந்தத்தின் வாசகத்தை அப்படியே ஆங்கிலத்தில் கொப்பியில் பிரதி செய்யுங்கள். உங்கள் சொல்லில் சுருக்கினால் பொறி தொலைந்துவிடும். இந்த நாவல் பெரிது, முதல் நாவலாக எடுக்க வேண்டாம்.

முதல் நாவலாக, அரசவை வகையில், ஹொலி பிளாக்கின் 'த குருவல் பிரின்ஸ்' (2018) சரியாக வரும். பதின்ம வயதினருக்காக எழுதப்பட்டது, வன்முறை உண்டு. ஃபே நாட்டில் வளரும் ஜூட் என்ற மனிதப் பெண்ணுக்கு அவர்களின் பலம் எதுவும் இல்லை. அவர்களால் பொய் சொல்ல முடியாது, அவளால் முடியும். அந்த ஒரு விதியை வைத்துக் கதை எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று கவனியுங்கள்.

5. எங்கள் பக்கத்து நம்பிக்கைகளை எங்கே வைப்பது

இலங்கையின் கிழக்கில் வளர்ந்தவர்களுக்கு இந்த நாவல்களில் ஒரு முன்சாதகம் உண்டு. இரவில் பொரித்த மீனோ இறைச்சியோ கொண்டு போகும்போது கரித்துண்டோ இரும்போ சேர்த்து வைக்கும் வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. ஃபேக்கு இரும்பு ஆகாது என்று வாசித்தால் எங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் ஜின்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்திலேயே வாழும் இன்னொரு சமூகம் என்ற எண்ணம் பழகியது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. நம் விதியைப் புத்தகத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, புத்தகம் அதை மீறுகிறது என்று குறை சொல்கிறார்கள். ஃபே ஏன் வேப்பிலைக்குப் பயப்படவில்லை என்று ஒரு நாவலைக் கேட்க முடியாது. வலது பக்கத்தில் எழுதும் விதி எதுவாக இருந்தாலும் புத்தகத்தில் இடம் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் அது உங்களிடமிருந்து வந்தது, வெட்டிவிடுங்கள். இன்னொன்று, ஜின் பலருக்கு மார்க்கத்தோடு சேர்ந்த நம்பிக்கை. கற்பனைப் பாத்திரங்களோடு சேர்த்துவைத்து அதை வட்டத்தில் அலசுவது சரியில்லை.

குழந்தை மாற்றுதலில்தான் அதிகம் குழம்புகிறார்கள். நம் கதைகளில் பேய் ஓர் உடலுக்குள் வருகிறது. ஆட்டிக் கேட்டு ஓட்டினால் ஆள் மிஞ்சுகிறார். ஃபே கதைகளில் ஆளையே கொண்டுபோய்விட்டு அதே முகத்தோடு வேறொன்றைத் தொட்டிலில் வைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பவரை மீட்பது ஒன்று, எங்கேயோ இருப்பவரைத் தேடிப் போவது வேறு. கதையின் ஓட்டமே இதனால் மாறும்.

இந்த நம்பிக்கை உண்மையான மனிதர்களைக் கொன்றிருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். 1895இல் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் பிரிஜட் கிளியரி என்ற பெண்ணை, இவள் தன் மனைவி இல்லை, மாற்றி வைக்கப்பட்டவள் என்று சொல்லிக் கணவரே எரித்தார். நோயாளியாகவோ மாற்றுத்திறனாளியாகவோ இருந்த பிள்ளைகளும் இதே பெயரில் வதைபட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு நாவல் மாற்றுக் குழந்தையை வெறும் திருப்பத்துக்காகப் பயன்படுத்துகிறதா, அந்தப் பிள்ளையின் பக்கத்திலிருந்தும் ஒரு தடவையாவது பார்க்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

6. பெயர்களுக்கு ஒரு சின்ன ஏற்பாடு

பெயர் வந்தவுடன் இடது பக்கத்தில் தமிழில் எழுதுங்கள், பக்கத்தில் அவர் யாருடைய ஆள் என்று ஒரு சொல். ஐரிஷ் பெயர்களை எழுத்தைப் பார்த்து உச்சரிக்க முடியாது. 'ஷீ', 'நீவ்' என்று ஒலிப்பவற்றின் ஆங்கில எழுத்து வேறு மாதிரி இருக்கும். டோல்கீனின் எல்ஃப் பெயர்களில் ஆங்கில 'சி' (c) எழுத்து எப்போதும் 'க' ஒலிதான், ஆகவே கெலெபோர்ன். சரியான உச்சரிப்புக்காக வாசிப்பை நிறுத்த வேண்டாம். கடைசிவரை ஒரே மாதிரி எழுதினால் போதும்.

7. விலைக் கணக்கு

புத்தகம் முடிந்ததும் வெறுமையாக விட்ட விலைப் பகுதிக்கு வாருங்கள். மதிப்பீட்டின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. அவசரப்பட வேண்டாம்.

ஒவ்வொரு விதிக்கும் மூன்று கேள்வி. கதை இந்த விதியைச் சோதித்ததா? மீறியவர் என்ன கொடுத்தார்? தப்பித்தவர் எந்த வழியால் தப்பித்தார்?

சோதிக்கப்படாத விதி ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. பாதிக்கு மேல் அப்படி இருந்தால் அவை அலங்காரத்துக்கு வைத்தவை. அப்படியே எழுதுங்கள்.

தப்பிக்கும் வழியைக் கூர்ந்து பாருங்கள். அந்த வழி முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டும். இருநூறு பக்கத்துக்கு முன் ஒரு வரியாக, ஒரு பொருளாக, ஒரு பாத்திரத்தின் பழக்கமாக அது கிடந்தால், திரும்பிப் போய்ப் பார்க்கும்போது "அட, இங்கேயே இருந்திருக்கே" என்று தோன்றும். அது நல்ல கைவேலை. கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒரு மந்திரம், ஒரு பழைய சட்டம், ஒரு மறைந்த அரச இரத்தம் வந்து காப்பாற்றினால் விதி உடைந்துவிட்டது. உண்மைக் காதல் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிடும் முடிவுகளும் இந்தப் பட்டியலில்தான். டாம் லின்னை மீட்டதும் காதல்தான், ஆனால் ஜெனட் தணலைக் கையில் பிடித்திருந்தாள்.

விலை யார் மேல் விழுந்தது என்பதையும் பாருங்கள். நாயகி போட்ட ஒப்பந்தத்துக்காகத் தோழியோ வேலைக்காரச் சிறுவனோ செத்து, அடுத்த பக்கத்தில் எல்லோரும் மறந்துவிட்டால், நூல் விலையைக் கொடுக்கவில்லை, பிறர் தலையில் கட்டிவிட்டது. இந்த வகை நாவல்களில் நான் மன்னிக்காத குறை இது.

தொடர் நாவலில் இன்னொரு சிக்கல்: விலை அடுத்த புத்தகத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கலாம். அப்போது "பாக்கி" என்று எழுதுங்கள். முதல் புத்தகத்தை மட்டும் வைத்துத் தொடருக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

டோல்கீனை வாசிக்கிறவர்கள் பின்னிணைப்பைத் தாண்டிவிடுகிறார்கள். எல்ஃப் குலத்து ஆர்வென், அரகோர்ன் என்ற மனிதனுக்காகச் சாவைத் தெரிவு செய்வது நாவலில் தெரியும். அதற்கு அவள் கொடுத்த விலை முதல் பின்னிணைப்பில் இருக்கிறது. அரகோர்ன் இறந்த பிறகு, எல்ஃப்கள் விட்டுப்போய் வெறிச்சோடிய லோத்லோரியன் காட்டில் தனியாகப் போய் அவள் உயிர் விடுகிறாள். அந்தச் சில பக்கங்களை வாசிக்காமல் அந்தக் காதலை எடைபோட முடியாது.

8. காதை நீக்கிப் பாருங்கள்

பாத்திரங்கள் உண்மையில் வேற்றினமா, கூர்க்காது வைத்த மனிதரா என்று சோதிக்கும் படி இது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1973இல் ஒரு கட்டுரையில் இதைச் செய்து காட்டினார். ஒரு கற்பனை நாவலின் உரையாடலை எடுத்து, சில சொற்களை மட்டும் மாற்றி, அதை வாஷிங்டன் அரசியல்வாதிகளின் பேச்சாக ஆக்கிவிட்டார். எதுவும் குலையவில்லை. எழுத்தில் வேற்றுலகம் இல்லை என்பதற்கு அதுவே சான்று.

நீங்களும் ஒரு பக்க உரையாடலை எடுங்கள். "முந்நூறு வயது இளவரசன்" என்ற இடத்தில் "கொழும்பிலிருந்து வந்த பணக்காரப் பொடியன்" என்று போட்டு வாசியுங்கள். எதுவும் இடிக்கவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

வயதையும் இப்படியே சோதியுங்கள். மட்டக்களப்பின் புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல், ஒல்லாந்தர் பிடித்தது 1638இல். ஐந்நூறு வயதான ஒருவர் கோட்டை எழும்புவதையும் கைமாறுவதையும் வளர்ந்த ஆளாக நின்று பார்த்திருப்பார். அப்புறம் ஆங்கிலேயர் வந்ததையும் போனதையும் பார்த்திருப்பார். அப்படிப்பட்டவர் ஒரு பெண் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று கதவை அடித்துச் சாத்துவாரா? சாத்தினால் ஏன் என்று நாவல் காரணம் சொல்ல வேண்டும். வயதை எண்ணாக மட்டும் வைத்திருக்கும் நாவல்கள் ஏராளம்.

டாம் லின்னின் அரசியை இங்கே நினையுங்கள். மனிதக் கருணை அவளிடம் இல்லை, மனிதக் கொடுமையும் இல்லை. அவளுக்கென்று வேறொரு கணக்கு இருக்கிறது. அந்த வேறு கணக்கு நாவலில் எங்கேனும் வெளிப்பட்டால் அந்தப் பக்கத்தை எழுதி வையுங்கள்.

9. குடி, வாரிசு, வேலைக்காரர்

அரசவை என்று வந்தால் யார் யாருக்கு வாரிசு என்று கேளுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது, வீடு மகளுக்குப் போகிறது. ஆகவே "பாதி எல்ஃப்" என்று ஒருவர் வந்தவுடன் தாய் யார், எந்தக் குடி என்ற கேள்வி எங்களுக்குத் தானாகவே எழும். நல்ல கேள்வி அது. பல நாவல்களில் கூர்ந்து கேட்டால் பதில் இருக்காது. அரசி ஆள்கிறாள் என்று சொல்லிவிட்டு, மகன்களுக்குள் மட்டும் அரியணைச் சண்டை நடக்கும்.

அடுத்து, விருந்து யார் சமைக்கிறார்கள்? அந்த நீண்ட பட்டுடைகளை யார் துவைக்கிறார்கள்? பிடித்து வைக்கப்பட்ட மனிதர்கள் என்றால் நாவலுக்கு அது தெரியுமா? தெரிந்து எழுதியிருந்தால் பலம், தெரியாமல் எழுதியிருந்தால் ஓட்டை.

ஒரு குலமே பிறப்பால் கெட்டது, அவர்களின் தோலும் கறுப்பு என்று எழுதும் நாவல்களை இலேசாக விடாதீர்கள். ஊருக்கு ஊர் சந்தேகப்பட்டுப் பிரிந்து நின்ற காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். அந்தக் குலத்தில் ஒருவருக்காவது பெயரும் வீடும் சொந்த நியாயமும் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று தேடி, கிடைத்த பக்கத்தைக் குறியுங்கள்.

10. வசியமும் காதலும்

மட்டக்களப்பார் வெளியூர்க்காரரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பேச்சை இங்கே கேட்காதவர் இல்லை. வசியம் என்றால் ஒருவர் தன் விருப்பத்தை இழப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே வாசகர்கள் நாவலில் ஃபே இளவரசன் மயக்கு வித்தை போட்டு, பெண் அவனைப் பார்த்துச் சிரித்தால் அதைக் காதல் என்று எழுதிவிடுகிறார்கள்.

காதல் காட்சி ஒவ்வொன்றிலும் இதைப் பாருங்கள்: அந்த நேரத்தில் அவள்மேல் வித்தை இருந்ததா, அவளால் அந்த இடத்தை விட்டுப் போக முடியுமா, வயது இடைவெளியை நாவல் உணர்ந்திருக்கிறதா. மூன்றுக்கும் பதில் சங்கடமாக இருந்தால் நாவல் உடனே தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தச் சங்கடத்தை நாவலே எதிர்கொண்டு எழுதினால் மிக நல்ல பகுதிகள் பிறக்கும். கண்ணை மூடிக்கொண்டு இனிப்புப் பூசினால்தான் பிழை.

11. மதிப்பீட்டை எழுதும் வரிசை

வாசித்து முடித்த அன்றே எழுத வேண்டாம். சில நாள் போகட்டும். எழுத உட்காரும் முன் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் மறுபடி வாசியுங்கள். விதி எங்கே வைக்கப்பட்டது, எங்கே தீர்க்கப்பட்டது என்பது அப்போது பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

எழுதும்போது கதைச்சுருக்கம் ஐந்து வரிக்கு மேல் போகக் கூடாது. முழுக் கதையையும் சொல்லிவிட்டு "அருமை" என்று முடிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. சுருக்கத்துக்கு அடுத்து இந்த நாவலின் முக்கியமான ஒரு விதி. அப்புறம் அதை நாவல் சோதித்த ஓர் இடம். அப்புறம் விலை. அப்புறம் வேற்றினத் தன்மை. தீர்ப்புக் கடைசியில். இப்படிப் போனால் தீர்ப்புக்கு வரும்போது வாசிப்பவரிடம் ஆதாரம் இருக்கும். ஒத்துப்போகவோ மறுக்கவோ அவரால் முடியும்.

ஒரே படைப்பைப் பற்றி இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன்.

"டாம் லின் மிக அருமையான காதல் கதை. ஜெனட் தைரியமானவள். அரசி கெட்டவள். முடிவு மகிழ்ச்சியாக இருந்தது. எல்லோரும் வாசிக்க வேண்டும்."

"டாம் லின்னில் மீட்பின் விதி ஒன்றுதான்: விடாமல் பிடி. அவன் பாம்பாக, சிங்கமாக, தணலாக மாறும்போது விதி கடினமாகிறதே தவிர மாறுவதில்லை. ஜெனட்டுக்கு மந்திரம் எதுவும் கிடைக்கவில்லை, உதவிக்கு யாரும் வரவில்லை. தோற்ற பிறகும் அரசி மனம் மாறாததால் ஃபே உலகம் கடைசிவரை அந்நியமாகவே நிற்கிறது. டாம் லின் ஏன் இவளை நம்பினான் என்பதற்குப் பாடலில் இடம் குறைவு. அதை ஒரு குறையாகச் சொல்வேன்."

இரண்டாவதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் வாசிக்கலாமா என்று அதை வைத்து ஒருவர் முடிவெடுக்கலாம். முடிவு தெரிந்துவிடும் இடங்கள் வந்தால் முன்கூட்டியே ஒரு வரி எச்சரிக்கை போடுங்கள். நட்சத்திரம் போடுவதாக இருந்தால் கட்டுரையை எழுதி முடித்த பிறகு போடுங்கள். முதலே போட்டுவிட்டால் எழுத்து அந்த எண்ணுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடும்.

12. வட்டத்தில் கதைக்கும்போது

முதல் சுற்றில் பிடித்தது பிடிக்காதது பேச வேண்டாம். ஒவ்வொருவரும் தான் எழுதிய விதிகளில் ஒன்றை மட்டும் வாசிக்கட்டும். ஒரே விதியை இருவர் வேறுவேறாக எழுதியிருப்பார்கள், அங்கேயே நல்ல பேச்சுத் தொடங்கிவிடும். வாசித்து முடிக்காதவர்களும் இந்தச் சுற்றில் கலந்துகொள்ளலாம்.

இரண்டாவது சுற்றில் விலை. கருத்து மோதினால் "சொன்னவர்" பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் ஃபேயின் வாய்ச்சொல்லை நம்பியிருப்பார், மற்றவர் கதைசொல்லியை நம்பியிருப்பார். அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுவிட்டு மேலே கதையுங்கள். அடுத்த புத்தகத்தைத் தெரிவு செய்யும்போது வேறு வகையிலிருந்து எடுங்கள், கொப்பியில் புதுப் பக்கம் போடுங்கள்.